பைலியின் வலது கால்

அச்சனின் தோணி ஆற்றுத் திருப்பத்தில் தெரிந்ததுமே பைலி, படகுத்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டான். கலங்கல் தண்ணீர் முழங்கால் வரை மூடிய பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

அந்தக் குட்டநாட்டு ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமியார்தான் அச்சன். தோணியில் நின்றபடியே அவனைக் கூப்பிட்டு, பெரிய வியாழனன்று, ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல், கோயிலில் தான் கால் கழுவிவிடப்போகும் பன்னிரண்டு பேரில் அவனும் உண்டு என்றார்.

"நானா, அச்சா?"

"நீதான். இன்னும் முப்பத்தொரு நாள் இருக்கு. வெளியூருக்கு வேலைக்குக் கிளம்பிடாத."

பைலிக்குத் தலைகால் புரியவில்லை. அவன் அப்பன் ஆயுசு முழுக்க ஆசைப்பட்டும் அந்தப் பன்னிரண்டு பேர் பெஞ்சில் உட்காராமலே போய்ச் சேர்ந்தவன். நிலக்காரர்களும் கமிட்டிக்காரர்களும் உட்கார்ந்து பழகிய பெஞ்சு அது.

இந்த அச்சன் வேறு மாதிரி. பூசைக்கு நேராகப் பீடத்துக்குப் போகமாட்டார். முழந்தாளிட்டிருக்கும் சனங்களின் பின்னாலிருந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மெல்ல நடந்து வருவார். என்ன ஒரு தாழ்மை என்று ஊரே மெச்சியது.

தோணி போனதும் பைலி காலை வெளியே எடுத்தான். வலது கால் விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி, உரிந்து, நாறியது. உரிசல் உள்ளங்கால் வரை இறங்கியிருந்தது. இருபது வருஷமாக வரப்புக்குச் சேறு வாரிப் போடுகிறவன் கால் வேறெப்படி இருக்கும்? ஆனால் இதை அச்சன் ஊரே பார்க்கக் கையில் ஏந்திக் கழுவி, முத்தமும் கொடுக்க வேண்டும். நினைத்தாலே அவனுக்கு உடம்பு கூசியது.

"இடது காலை நீட்டிடு மனுஷா," என்றாள் அவன் மனைவி ரோசம்மா.

"வலதுதான்டி வழக்கம். மாத்தி நீட்டினா ஏன்னு கேக்கமாட்டாங்களா?"

அன்றைக்கே மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தான். மறுநாள் மயில்துத்தத்தைக் கரைத்துத் தடவினான். தோல் வெந்துபோய், நொண்டிக்கொண்டே சுகாதார நிலையத்துக்குப் போனான். நர்ஸ் வத்சலா விரல்களை விரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது சேத்துப்புண்ணு சேட்டா. பூஞ்சையால வர்றது. துத்தம் போட்டா பூஞ்சை சாகாது, கால்தான் சாகும். களிம்பு தரேன், காலையும் சாயங்காலமும் நாலு வாரம் போடுங்க. சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்குல ஈரமே இல்லாம ஒத்தி எடுத்துட்டுத்தான் போடணும். அரிப்பு நின்னுடுச்சுன்னு நடுவுல விட்டீங்க, திரும்பி வரும்."

அவன் துண்டை வேறு யாரும் தொடக்கூடாது, தண்ணீரில் இறங்கவே கூடாது என்றும் சேர்த்துச் சொன்னாள். குட்டநாட்டுக்காரனிடம் தண்ணீரில் இறங்காதே என்றால் அவன் எங்கே போவான்? பைலி அதற்கும் துணிந்தான். கூலி குறைந்தாலும் பரவாயில்லை என்று, மேட்டுக் களத்தில் நெல் மூட்டை சுமக்கப் போனான்.

ஆனால் மனசு நிலைகொள்ளவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விரலை விரித்து விரித்துப் பார்த்தான். சாப்பிட உட்கார்ந்தாலும் கண் காலில்தான் இருந்தது. "கல்யாணத்தப்பக்கூட என் முகத்த நீ இத்தனை தடவை பாக்கல," என்று ரோசம்மா குத்திக்காட்டினாள்.

பத்தாம் நாள் அரிப்பு நின்றது. போதும் என்று களிம்பை மூட்டை கட்டிவிட்டு, நாலு நாள் ஆற்றில் ஆசை தீரக் குளித்தான். ஐந்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது. வத்சலா ஏசிய ஏச்சில் அவனுக்குக் காது கூசியது. அதற்குப் பிறகு ஒரு வேளை தப்பவில்லை.

இதற்கிடையில் இன்னொரு பயம். காலை அச்சன் பார்த்துவிட்டால் பெயரை அடித்துவிடுவாரே? அவரைக் கண்ட இடத்திலெல்லாம் ஒளிந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூட வாசலுக்கு வெளியே கூட்டத்தோடு நின்றே பார்த்தான்.

பெரிய வியாழனும் வந்தது. ரோசம்மா அன்றிரவு வீட்டில் பிட்டுத் தின்னும் பெசகா அப்பத்துக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டு வந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். எங்கும் ஒரு வெள்ளை இல்லை, உரிசல் இல்லை. மாமனாரை நினைத்தாளோ என்னவோ, அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

கோயிலில் முதல் இடம் பைலிக்கு. பக்கத்தில் வாத்து மேய்க்கும் தோமா, கிளிஞ்சல் வாரும் சாக்கோ என்று வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள், காலைப் பெஞ்சுக்கடியில் இழுத்து வைத்திருந்தார்கள். பைலி மட்டும் வலது காலைத் தைரியமாக முன்னே நீட்டினான்.

அச்சன் செம்பும் துண்டுமாக வந்து அவன் முன்னே முழந்தாளிட்டார். காலை ஏந்தித் தண்ணீர் ஊற்றினார். ஆனால் முத்தமிடவில்லை. விரல்களை விரித்துப் பார்த்தார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு இடது காலையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

அவர் நெற்றி சுருங்கியது. கோயிலே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த இடுக்கைக் கவனிக்காமல் விட்டுத் தொலைத்தோமோ என்று பைலியும் குனிந்து பார்த்தான்.

அச்சன் நிமிர்ந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்:

"புண்ணப் பாத்துத்தானே பைலி உன் பேர முதல்ல எழுதினேன், அது எங்க போச்சு?"