சத்தமில்லாத தெரு

"சுலக்ஷனா! அடியே, என்னையத் தெரியலியா?"

பனிக்குள்ளிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்த சுலக்ஷனா நின்றாள். சிரித்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

நிரோஜினிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

டிக்கோயா மேட்டுத் தெருவில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள். நிரோஜினி கலியாணம் கட்டி மலையை விட்டு வத்தளைக்குப் போன அன்றைக்கு, பஸ் ஏறும் வரைக்கும் கையை விடாமல் அழுதவள் இந்தச் சுலக்ஷனா.

பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நிரோஜினி அடுத்திருந்த தங்கச்சி வீட்டை நோக்கி மேட்டில் ஏறினாள்.

தெரு கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பனி. ஆட்கள் அதற்குள்ளிருந்து வந்தார்கள், அதற்குள்ளேயே கரைந்து போனார்கள். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. தூக்கத்தில் நடந்துபோவது போலிருந்தது அவளுக்கு.

அதே தெருக்காரன் நிரோஷனின் ஆட்டோ எஞ்சின் சத்தமே இல்லாமல் இறக்கத்தில் உருண்டு வந்தது. அவளைக் கண்டதும் அவன் கையைத் தூக்கிக் காட்டினான். நிற்காமல் போய்விட்டான்.

'பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறான் போல' என்று நினைத்துக்கொண்டாள்.

முன்பெல்லாம் இந்தத் தெருவில் ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் கொத்தமல்லிக் கசாயம் கொதிக்கும். அப்பா கால் உடைந்து கிடந்தபோது வீட்டுக்குள் நிற்க இடமிருக்காது. ஆளாளுக்குப் பேச்சு, கேலி, சண்டை. அந்தக் கூத்திலேயே அப்பா நோவை மறந்தார்.

இப்போது தங்கச்சி பவுலின், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டுக் கிடக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் நிரோஜினி லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். வாசலில் ஒரு செருப்புக்கூட இல்லை. பார்க்க வந்தவர் என்று ஒருவரும் இல்லை.

கதவைத் திறந்தது மிலான், பவுலினின் புருஷன்.

"வாங்கக்கா," என்று கிசுகிசுத்தான். "இப்பதான் கண்ண மூடுனா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

"யாராச்சும் வந்து பாத்தாங்களா மிலான்?"

"அது வந்துக்கா, டாக்டரு..."

அவள் கையில் போன் அதிர்ந்தது. வத்தளையிலிருந்து அவள் புருஷன் யேசுரட்ணம். உள்ளே சிக்னல் சரியில்லை. மிலான் ஏதோ சொல்ல வருவதைக் கையால் தடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். அவன் அடுப்பில் பொங்கிய பாலை இறக்க ஓடினான்.

"ஹலோ! கேக்குதாங்க? ஆமா, வந்து சேந்துட்டேன். அவ தூங்குறா."

யேசுரட்ணத்தின் குரல் விட்டு விட்டு வந்தது. நிரோஜினி இன்னும் உரக்கப் பேசினாள்.

"இந்த ஊரு செத்துப் போச்சுங்க! ஒரு மனுசர் எட்டிப் பாக்கல! சுலக்ஷனா இருக்காளே, என்னையப் பாத்துட்டுக் கதவச் சாத்துறா! எங்கப்பா காலத்துல இப்பிடியா இருந்துச்சு? மாரியம்மன் திருவிழா நடக்குதாம், ஒரு மேளச் சத்தம் உண்டா? எல்லாரும் அவங்கவங்க வீடு, அவங்கவங்க டீவின்னு ஆயிட்டாங்க! மத்தவங்க மேல அக்கறையே இல்ல!"

பேசிக்கொண்டே இருந்தவள் தெருவைப் பார்த்தாள்.

பனிக்குள்ளிருந்து தேர் வந்துகொண்டிருந்தது.

முதலில் அம்மனின் சிவப்புப் பட்டுத்தான் தெரிந்தது. பிறகு பூ. பிறகு வடம் பிடித்த கைகள். எல்லாம் மிதந்து வருவது போல வந்தன. தப்புக்காரர்களின் தப்பு தோளில் சும்மா தொங்கியது, குச்சிகளை இடுப்பில் செருகியிருந்தார்கள். நாயனக்காரர் நாயனத்தைப் பச்சைப்பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தார். கரகம் எடுத்த பெண்கள் கொலுசைக் கழற்றிக் கையில் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஊரே செருப்பில்லாமல் ஈரத் தார் ரோட்டில் பூனை நடையில் நடந்து வந்தது.

நிரோஜினிக்கு ஒன்றும் புரியவில்லை. கனவுதானோ என்று ஒரு நொடி தோன்றியது. போன் காதிலேயே இருந்தது.

"ஹலோ! ஹலோ! கேக்கலீங்க, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க!"

கூட்டம் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

கோயில் கமிட்டித் தலைவர் பழனியாண்டி, தேரை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மெதுவாப் பேசு புள்ள. சத்தம் பட்டா ஒந் தங்கச்சிக்குத் தலை வெடிக்கிற மாதிரி நோவுதாம். டாக்டரு சொல்லியிருக்காரு. மிலான் தம்பி சுலக்ஷனா வீட்டுல மட்டுந்தான் சொன்னாப்ல. அந்தப் புள்ளதான் வீடு வீடாப் போயி, யாரும் போயி தொந்தரவு குடுக்காதீங்க, தெருவுல சத்தம் போடாதீங்கன்னு சொல்லிட்டு வந்துச்சு. இந்தத் தெருவத் தாண்டுற வரைக்கும் மேளம் வேணாம்னு ஆத்தாகிட்டயும் உத்தரவு கேட்டுக்கிட்டோம்."

நிரோஜினியின் கை தானாகக் கீழே இறங்கியது. பக்கத்து வீட்டில் சாத்திய கதவின் இடுக்கில் சுலக்ஷனாவின் முகம் தெரிந்தது. சுலக்ஷனா வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

அதற்குள் உள்ளே கட்டில் முனகியது. பவுலினின் குரல் வலியில் நடுங்கிக்கொண்டு வந்தது.

"என்னங்க... வாசல்ல யாரு இப்பிடிக் கத்துறது? நம்ம தெருவுல அப்பிடிப்பட்ட ஆளுங்க யாரும் இல்லியே."