நன்றி ஃபோல்டர்

“சின்னக்காவுக்கு இன்னிக்கும் ரெண்டு நன்றி மெயில் வந்திருக்கு போல. பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டாங்க பாருங்க” என்றார் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வர்காரர், பெரியக்காவின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபடி.

பெரியக்காவுக்கு வயிறு எரிந்தது.

வாஷிங் மெஷின் ரிப்பேர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இரண்டே மேஜைகள். பத்து வருடமாக இருப்பவள் பெரியக்கா. மூன்று வருடம் முன்பு வந்தவள் சின்னக்கா. இருவருக்கும் ஒரே வேலைதான். ஆனால் சின்னக்காவின் மேஜையோரப் பலகை முழுக்க நன்றிக் கடிதங்கள். பெரியக்காவின் பலகையில் ஒரு காலண்டர். பத்து வருடத்தில் ஒரு வாடிக்கையாளராவது, ஒரு வார்த்தை? ம்ஹும்!

இன்று கம்பெனி மெயிலையெல்லாம் புது சர்வருக்கு மாற்றுகிறார்கள். அது போதாதென்று மேனேஜர் வேறு காலையிலேயே குண்டு போட்டிருந்தார்: “வாடிக்கையாளர்கள் அனுப்பின நன்றி மெயிலையெல்லாம் சாயங்காலத்துக்குள்ள எனக்கு அனுப்புங்க. யாருக்கு அதிகமோ, அவங்கதான் சூப்பர்வைசர்.”

நேற்று வந்தவளிடம் போய் லீவு லெட்டரை நீட்டவேண்டுமா? நினைக்கவே பற்றிக்கொண்டு வந்தது.

“பழைய குப்பையைத் தூக்கிட்டுப் போக வேண்டாம்னு உத்தரவு மேடம். இந்த ஆபீஸ்ல ஒரு அறிவிப்பு வந்தாப் போதும், நாப்பது பேரும் எல்லாருக்கும் ‘நன்றி’, ‘நன்றி’ன்னு பதில் தட்டறாங்க” என்றார் சர்வர்காரர்.

“எனக்கு அந்தத் தொல்லையே இல்ல. வேலைக்குச் சேர்ந்த மாசமே அதுக்கு ஒரு வழி பண்ணிட்டேன்” என்றாள் பெருமையாக.

சொல்லும்போதே மூளையில் பொறி தட்டியது. சின்னக்கா டீ குடிக்கப் போயிருந்தாள். பெரியக்கா குரலைத் தாழ்த்தினாள்.

“ஏங்க, ‘நன்றி’ன்னு ஃபோல்டர் கீல்டர் இருந்தா அதையெல்லாம் எதுக்குச் சுமக்கறீங்க? விட்டுடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க.”

“நிச்சயமா வேண்டாமா?”

“வேண்டவே வேண்டாம்!”

அவர் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

நாலு மணிக்குப் புது மெயில் திறந்தது. பெரியக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். சின்னக்கா அலட்டிக்கொள்ளாமல் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“இருநூத்திப் பன்னெண்டுக்கா! ஒண்ணு விடாம வந்துடுச்சு. உங்களுக்கு எத்தனை?”

பெரியக்கா விடுவிடுவென்று சர்வர் அறைக்குப் போனாள்.

“என்னங்க, அந்த நன்றி ஃபோல்டரை விட்டுடச் சொன்னேனே!”

“விட்டுட்டேனே மேடம்.”

“பின்ன அவளுக்கு எப்படி எல்லாம் வந்துச்சு?”

“யாரு, சின்னக்காவுக்கா? அவங்களுக்கு ஃபோல்டரே கிடையாது, எல்லாம் இன்பாக்ஸ்லயே கிடந்துச்சு. மொத்த ஆபீஸ்லயும் நன்றி ஃபோல்டர் இருந்தது உங்க ஒருத்தருக்குத்தான். தலைப்புல ‘நன்றி’ன்னு வந்தா நேரா அதுக்குள்ள போயிடணும்னு பத்து வருஷம் முன்னாடி நீங்களே செட் பண்ணி வெச்சிருக்கீங்க. வாடிக்கையாளருங்க மெயிலே ஆயிரத்து முந்நூறு இருந்துச்சு. ஒண்ணுகூடத் திறக்கல.”

பெரியக்கா அவருடைய திரையை எட்டிப் பார்த்தாள். “அது... பழைய சர்வர்ல இருக்குமில்ல?”

“வாடகை சர்வர் மேடம். மதியமே சுத்தமாத் துடைச்சுத் திருப்பிக் கொடுத்தாச்சு” என்று சிரித்தார் சர்வர்காரர். “நீங்கதானே சொன்னீங்க, யாரும் கேக்க மாட்டாங்கன்னு?”