லோகு டப்பா

"டப்பாவ எங்கக்கா வெச்ச?"

ஜெயராஜ் கேட்டதும், பெருக்கிக்கொண்டிருந்த ஈஸ்வரி நிமிர்ந்தாள்.

காக்களூர் தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் அந்த பிரஸ் ஷாப்பில் வேலை செய்பவர்கள் இருபத்தாறு பேர். அவர்களுக்குப் பொதுவாக ஜன்னலில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். டாக்டர் எழுதிய மாத்திரையில் பாதியிலேயே குணமாகிவிட்டால் மிச்சத்தை அதில் போடுவார்கள். அடுத்தவருக்கு ஆகும். பதினோரு வருஷத்துக்கு முன் அதை வைத்தவர் ஃபிட்டர் லோகு. அதனால் அது லோகு டப்பா. லோகு இப்போது கால் புண்ணோடு திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

டப்பாவைப் பத்து நாளாகக் காணவில்லை.

"நீ பையில போட்டுக்கினு போனத வாட்ச்மேன் பாத்தாராம்."

"ஆமா. எடுத்தேன்."

பக்கத்து மெஷினிலிருந்து அப்பாவு குரல் கொடுத்தார். "தனியா மெடிக்கல் ஷாப்பு வெக்கப் போறியா, ஈஸ்வரி?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஈஸ்வரி சிரிக்கவில்லை.

"உனக்கு இன்னா ஓணும், ஜெயராஜு?"

அவன் இடது கட்டைவிரலைக் காட்டினான். நாலு நாளைக்கு முன் தகடு கிழித்த இடம். வீங்கி, மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது.

"அந்த செவப்பு கேப்ஸ்யூல் ரெண்டு போதும். போன தபா ரெண்டுலயே அடங்கிச்சி."

"ஆஸ்பத்திரிக்குப் போ."

"இருக்கற டப்பாவத் தூக்கிக்கினு போய்ட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன்னு வழி சொல்றியா? லோகு அண்ணன் பத்து பேருக்கு ஆகட்டும்னு வெச்சது. உன் ஒருத்தி ஊட்டுக்கு ஆச்சு."

"சூப்பர்வைசராண்ட நான் சொல்லிக்கறேன். நீ இப்பவே கெளம்பு."

முணுமுணுத்துக்கொண்டே போனான்.

திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் விரலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா எலும்புக்குப் போயிருக்கும்," என்றார் டாக்டர். பத்து மாத்திரை கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வலி நின்றாலும் பத்தையும் போட வேண்டும்.

வந்தது வந்தோம் என்று ஜெயராஜ் மாடி ஏறி லோகுவைப் பார்த்தான். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார்.

"அண்ணே, ஈஸ்வரி அக்கா உன் டப்பாவ எடுத்துக்கினு பூட்ச்சி."

"எடுத்தாரச் சொன்னதே நான்தாண்டா."

"நீயா?"

"இதுக்கு முன்ன இன்னா மாத்திரை போட்டேன்னு டாக்டரம்மா கேட்டாங்க. எனக்குப் பேரு எங்க தெரியும்? டப்பாவக் கொட்டிக் காட்டினேன். மொத்தம் அறுவத்து மூணு மாத்திரை. கிருமிய சாவடிக்கறது மட்டும் ஏழு வகை. ஏழையும் ரெண்டு ரெண்டா நான் போட்டிருக்கேன்."

"அதுக்கின்னா?"

"எனக்குத்தான் சக்கரை இருக்குல்ல, ஒடம்பு அதுல அசந்திருக்கறப்ப பூந்துக்கற கிருமியாம் இது. சீழ எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. ஏழுல ஒண்ணுக்கும் அது சாவல. அரைகொறையா போட்டுப் போட்டு கிருமிய மருந்துக்குப் பழக்கிட்டீங்கன்னாங்க."

ஜெயராஜ் அந்தக் காலைப் பார்த்தான். "அப்போ கால எடுத்துடுவாங்களா?"

"எதுக்கு எடுக்கறாங்க? ஒரு ஊசிக்கு மட்டும் அடங்குது. அது நம்ம டப்பாவுல இல்லாதது. பதினாலு நாள் போடணும், ஆறு நாள் முடிஞ்சிது. புண்ணு காய ஆரம்பிச்சிடுச்சி. இன்னும் எட்டு நாள். ரெண்டு காலோடதான் வேலைக்கு வருவேன், பாரு."

ஜெயராஜ் கையிலிருந்த மாத்திரைக் கவரைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தான்.

"இத ஈஸ்வரி அக்கா அங்கயே சொல்லியிருக்கலாமே? அல்லாரும் 'திருடி'ன்றாங்க."

லோகு தலையணையில் காலைச் சரியாக நகர்த்தி வைத்தார்.

"நானும் சொல்லிடுன்னுதான் சொன்னேன். 'டப்பாவாலதான் உனக்கு இப்படி ஆச்சின்னு என் வாயால சொல்ல மாட்டேண்ணா. நீ நடந்து வந்து நீயே சொல்லு. அதுவரைக்கும் என்னியத் திட்டிக்கினு இருக்கட்டும்'னுச்சு."