பக்க ஓரத்து எதிரி

ஒரு செமஸ்டர் முழுக்க நூலகத்தில் இருந்து ஆராய்ச்சி செய்ய வந்த கல்லூரி மாணவிக்குப் புதையலே கிடைத்துவிட்டது. மறைந்த தலைவர் ஒருவரின் சுயசரிதை. பக்க ஓரமெல்லாம் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

'யாருக்கும் தலைவணங்கியதில்லை' என்ற வரிக்குப் பக்கத்தில், 'சுத்தப் பொய்.'

'இருளைக் கண்டு நான் அஞ்சியதே இல்லை' என்ற வரிக்குப் பக்கத்தில், 'விளக்கை அணைக்கவே விடமாட்டார்.'

பேராசிரியருக்கு போன் போட்டு, குறிப்புகளைப் படித்துக் காட்டினாள். "எழுதினது அரசியல் எதிரிதான் சார். கூடவே இருந்து குழி பறிச்சிருக்கார்."

"அந்த விளக்கு?"

"அது குறியீடு சார். கொள்கை விளக்கு."

பேராசிரியர் சொக்கிப்போனார். "பிரமாதம்மா. கட்டுரையை இன்னிக்கே அனுப்பிடு."

அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள். எதிரே நூலகர், பக்கத்தில் ஒரு வயதான அம்மா.

"அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் குடும்மா. இவங்க தலைவரோட சம்சாரம். நன்கொடையா கொடுத்ததே இவங்கதான்."

அந்த அம்மா கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"அஞ்சே நிமிஷம் கண்ணு. இப்பெல்லாம் நிம்மதியா விளக்கை அணைச்சுட்டுத்தான் படுக்கிறேன். நேத்து படுத்ததும் இன்னும் ரெண்டு பொய் ஞாபகம் வந்துடுச்சு."