கோபுரத்துக் காவல்

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸான அவள் வீட்டுக்குள் காலடி வைத்தாலே, கணவர் கணினித் திரையை அணைத்துவிடுவார். ஒரு வாரமாக இதே கூத்து.

இன்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோல வந்தாள்.

திரையில் ஏதோ விளையாட்டு. கொட்டும் மழையில் ஒரு கோபுரம். உள்ளே தலைக்கவசம் மாட்டிய காவலாளி. வெளியே ஒரு குழந்தை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"கதவத் திறந்துதான் விடுங்களேன்!" என்றாள் பின்னாலிருந்து.

கணவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "திறக்க வழியே இல்ல. ஏழு தடவ ஆடிட்டேன். 'வேலை முடியட்டும்'னு காவலாளிகிட்டேருந்து ஒரே பதில்தான் வருது."

"இதையா மறைச்சீங்க? என்னையும் பொண்ணையும் விட்டுட்டு இப்படித் தனியா உக்காரணும்னு உங்களுக்கு ஆசை. அதானே?"

"அதில்லம்மா..."

"பின்ன என்னதான் அர்த்தம்?"

அவர் திரையைப் பார்த்தார். தட்டித் தட்டிச் சலித்த குழந்தை போய்விட்டது. காவலாளியின் தலைக்கவசம் கழன்றது. உள்ளே ஒரு பெண்முகம். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

அவள் விரல் தானாகத் தன் புருவத்துத் தழும்பைத் தடவியது.

"யாரு... யாரு செஞ்சது இத?"

"நம்ம பொண்ணுதான்," என்றார் கணவர். "அம்மாகிட்ட காட்டிடாதீங்கப்பான்னு சொல்லித்தான் குடுத்தா."