கடலையெண்ணெய் பஸ்

"வயிறு சுகமா, பிச்சை முகம்மது?"

பஸ்ஸில் ஏறி அமர்ந்ததும் எரிபொருள் இன்ஸ்பெக்டர் வைகுண்டராஜ் கேட்ட முதல் கேள்வி அது. பஸ் முதலாளி பிச்சை முகம்மது திகைத்துப்போனார். மூன்று மாதமாகத் தம்மைத் திருடன் என்று ஏசிவரும் மனிதருக்கு இன்று எங்கிருந்து வந்தது இத்தனை அக்கறை?

"நல்ல சுகம், எசமான்."

"வீட்டிலே? பிள்ளைகளுக்கு?"

"அதுகளுக்குக் கல்லைக் குடுத்தாலும் செரிச்சிரும்."

இன்ஸ்பெக்டரின் முகம் வாடியது. குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எதையோ அடித்துவிட்டு மூடினார்.

யுத்தத்தினால் டீசல் வரத்து நின்றுபோன ஆண்டு அது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே சென்றுவந்த அந்தப் பஸ், சர்க்கார் அனுமதியின்படி கடலையெண்ணெயில் ஓடியது. அது கடந்து செல்லும் தெருவெல்லாம் வடை சுடும் வாசனை வீசும். நாய்கள் நம்பிக்கையோடு பின்னால் ஓடிவரும்.

எண்ணெய் டின்கள் இன்ஸ்பெக்டர் வீட்டு முன்னறையில் பூட்டி வைக்கப்பட்டு, நாளொன்றுக்கு ஒன்றாக வழங்கப்பட்டன. ஒரு டின்னுக்கு இரண்டு நடை என்பது விதி. பஸ்ஸோ, இரண்டாவது நடையில் ஆறாவது மைல் கல்லருகே நாள் தவறாமல் படுத்துக்கொண்டது.

"நேத்துக் குடுத்த டின்னை என்ன செஞ்சீரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்ஜின்லதான் ஊத்தினோம்."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும். ஆனா டின்னே குறைச்சலாத்தான் வருது, எசமான்."

"குறையாதுவே! பூட்டின அறை. சாவி என் இடுப்பிலே இருக்கு. குளிக்கிற நேரம் தவிர கீழே இறங்கினது கிடையாது. சர்க்கார் எண்ணெயிலே நீரும் உம்ம டிரைவரும் வடை சுட்டுத் திங்கீரு. இன்னைக்குப் பொழுது சாயுமுன்னே திருடன் யாருன்னு தெரிஞ்சிரும். தெரிஞ்சதும் பர்மிட் ரத்து!"

பிச்சை முகம்மதுவுக்கும் டிரைவர் தேவநேசனுக்கும் சோறு போடுவது அந்த ஒரே பஸ்தான்.

வண்டி புறப்பட்டது. இன்ஸ்பெக்டர் டிரைவர் பக்கம் சாய்ந்தார்.

"உமக்கு எப்படி? வயிறு கலக்குதா?"

"பசிக்குதுய்யா. நம்ம வண்டிப் புகையை மோந்தா யாருக்கும் பசிக்கும்."

ஒருவேளை எண்ணெயை வெளியில் விற்கிறார்களோ என்ற ஐயத்தில், செட்டியார்பட்டிக்குக் கோழியோடு போய்க்கொண்டிருந்த கருத்தம்மாளையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"ஏம்மா, வயிறு சுகமா?"

"ஏன் கேக்கிய? சோறு போடப் போறியளா?"

பஸ் முழுவதும் சிரித்தது. கோழியும் ஏதோ சொல்லிற்று.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மடியிலிருந்த தூக்குவாளியைத் திறந்தார். உள்ளே பத்து உளுந்து வடைகள், பொன்னிறத்தில், எண்ணெய் மினுங்க அடுக்கப்பட்டிருந்தன.

"வெளியே பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன். எல்லாம் வீட்டுப் பண்டம்தான். நேத்து ராத்திரி எட்டு, விடியக்காலம் ஆறு, இது வழிக்கு" என்று முதல் வடையைப் பிட்டார்.

பிச்சை முகம்மது எட்டிப் பார்த்தார். "கடையிலே கரண்டி எண்ணெய் கெடைக்காத காலத்திலே, தெனமும் வடையா எசமான்?"

"அதுதான் சிக்கனம்! என் வீட்டுக்காரி சுடலையம்மாளுக்கு மாசம் அரைப்படி எண்ணெய்தான் வாங்கிக் குடுக்கேன். அதிலேயே தினமும் வடை சுட்டு, மிச்சமும் வைக்கா. எண்ணெயை எப்படிச் செலவழிக்கிறதுன்னு நீரு அவகிட்டே வந்து படிச்சுக்கிடணும்."

"படிக்கத்தான் வேணும்" என்றார் பிச்சை முகம்மது பணிவாக.

ஒன்பதாவது வடை பாதியில் இருந்தபோது இன்ஸ்பெக்டரின் வாய் அசைவது நின்றது. நெற்றியில் வியர்வை அரும்பியது. வயிற்றுக்குள்ளிருந்து, என்ஜின் சத்தத்தையும் மீறி, ஓர் உறுமல் கேட்டது.

"நிறுத்து!"

"எண்ணெய் இன்னும் இருக்குய்யா" என்றான் தேவநேசன்.

"வண்டியை நிறுத்துவே!"

வண்டி நிற்பதற்குள் குதித்து, வேட்டியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, பருத்திக் காட்டுக்குள் ஓடி மறைந்தார். சற்று நேரத்தில் தலை தெரிந்தது; பஸ்ஸை நோக்கி நான்கு அடி வந்தது; சட்டென்று திரும்பி மறுபடியும் ஓடியது.

"ஏலே தேவநேசா, பாவம், அவியளுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று பிச்சை முகம்மது எழுந்தபோது, இருக்கையிலிருந்து குறிப்புப் புத்தகம் காலடியில் விழுந்து விரிந்தது. எடுத்துத் தூசி தட்டியவரின் கண் முதல் பக்கத்தில் நின்றது. அழகான கையெழுத்தில், முந்தைய நாள் தேதியிட்டு, இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தார்:

"அறையிலுள்ள எல்லா டின்களிலும் இன்று இரகசியமாக விளக்கெண்ணெய் கலந்துவிட்டேன். என்ஜினுக்கு அதனால் கேடில்லை. இனி எவருக்கு வயிறு கழிகிறதோ, அவர் வீட்டு வாணலியில்தான் சர்க்கார் எண்ணெய் கொதிக்கிறது."