உட்கார மறுத்தவள்

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அனுப்பின பொண்ணுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது."

போனில் கார்த்திகேசன் சொன்னதைக் கேட்டு வசந்தகுமாரியின் முகம் சுருங்கிப் போனது. காட்டுப்பாக்கத்தில் அவர் மேனேஜராக இருக்கும் பைக் ஷோரூமில் ரிசப்ஷனிஸ்ட் வேலை. அன்று காலைதான் நாகவல்லியை இன்டர்வியூவுக்கு அனுப்பியிருந்தாள்.

"என்ன சார் ஆச்சு?"

"கேட்டதுக்கெல்லாம் பதில் நல்லாத்தான் சொன்னாங்க. ஆனா உக்காருங்கன்னா உக்காரவே மாட்டேங்குறாங்க. நான் சொன்னேன், முதலாளி சொன்னார், ம்ஹூம். கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டே இருந்தாங்க. ஏதோ போலீஸ் ஸ்டேஷன்ல வெச்சு விசாரிக்கிற மாதிரி எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கஸ்டமரை எதிர்ல உக்கார வெச்சுப் பேச வேண்டிய வேலை மேடம் இது. சாரி."

வசந்தகுமாரி போனை வைத்துவிட்டாள்.

கரையான்சாவடியில் ஒரு கட்டடத்தின் மாடியில் இயங்குகிறது அவளுடைய டிரஸ்ட். வீட்டு வேலை, சித்தாள் வேலை என்று போய்க்கொண்டிருந்த பெண்களுக்குக் கம்ப்யூட்டரும் பேச்சும் கற்றுக்கொடுத்து வேலையில் சேர்த்துவிடுவாள். இதுவரை போனவர்களெல்லாம் பேக்கிங், ஹவுஸ்கீப்பிங் என்று வெளியாட்கள் கண்ணில் படாத வேலைக்குத்தான். கடையின் முகப்பில் உட்காரும் வேலை இதுதான் முதல். நாகவல்லி தேறினால் இன்னும் நாலு பேரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

'எங்க பொண்ணுங்க யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல சார்' என்று அந்த முதலாளியிடம் அவ்வளவு பேசிவிட்டு வந்திருந்தாளே!

மத்தியானம் நாகவல்லி வந்தாள். பருத்திப்பட்டிலிருந்து வரும் பெண். கண் சிவந்திருந்தது.

"என் மானமே போச்சு, தெரியுமா உனக்கு?"

நாகவல்லி தலைகுனிந்தாள்.

"திரையில படம் போட்டுக் காட்டினேனே! நாற்காலியில எப்படி நிமிர்ந்து உக்காரணும், கையை எங்க வைக்கணும்னு. பார்த்தியா இல்லையா?"

"பாத்தேன்க்கா."

"பின்னே? அவ்வளவு பெரிய மனுஷன் மரியாதையா உக்காரும்மான்னு சொல்றார். உனக்கு என்ன கேடு?"

"உக்காரணும்னு தெரியுதுக்கா. ஆனா உடம்பு கூசிப் போச்சு. காலு மடங்கவே இல்ல." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னால அந்த நாலு பேருக்கும் வேலை போச்சாக்கா?"

அதைக் கேட்டதும் வசந்தகுமாரியின் கோபம் வேறு பக்கம் திரும்பியது. நாகவல்லி ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் பல வருஷம் வேலை பார்த்தவள்.

"உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. எல்லாம் அந்த வீட்டுக்காரங்க பண்ண வேலை. வருஷக்கணக்கா நிக்க வெச்சே வேலை வாங்கியிருப்பாங்க. கூட இருக்கிறதும் மனுஷிதான்னு தோணவே தோணாது இவங்களுக்கெல்லாம். நினைச்சாலே பத்திக்கிட்டு வருது!"

நாகவல்லி பதறிப்போய் நிமிர்ந்தாள்.

"ஐயோ, அந்தம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. வேலை முடிஞ்சா டைனிங் டேபிள்ல அவுங்க கூடவே உக்கார வெச்சுத்தான் டிபன் குடுப்பாங்க. நான் கீழ உக்காரப் போனா திட்டுவாங்க. இங்க வந்து கத்துக்கச் சொன்னதே அவுங்கதான்."

"அப்போ எங்கதான் வந்துச்சு இந்தப் பழக்கம்?"

நாகவல்லி மறுபடியும் தலைகுனிந்தாள்.

"சொல்லு. யாரா இருந்தாலும் நான் போய்க் கேக்குறேன்."

"இங்கதான்க்கா."

தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"கிளாஸ்ல பாய் போட்டு உக்காருவோம். நீங்க உள்ள வந்தா எழுந்து நிப்போம். இந்த ரூம்ல... டொனேஷன் குடுக்க வர்ற பெரிய ஆளுங்கதான் சேர்ல உக்காருவாங்க. எங்களுக்கு எதுனா கேக்கணும்னா வாசப்படியாண்ட நின்னுகினே கேட்டுட்டுப் போய்டுவோம். யாரும் எதுவும் சொல்லலக்கா. அப்படியே பழகிப் போச்சு."

வசந்தகுமாரியின் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் இருந்தன. குஷன் வைத்தவை. இவ்வளவு நேரமும் காலியாகவே கிடந்தன. நாகவல்லி அவற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

புதிதாக யார் சேர்ந்தாலும் 'மேடம்னு கூப்பிடாதீங்க, அக்கான்னு கூப்பிடுங்க' என்று வசந்தகுமாரி முதல் நாளே சொல்லிவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. இப்போது அந்த 'அக்கா' காதில் விழும்போதெல்லாம் உடம்பு கூசியது.

போனை எடுத்தாள்.

"கார்த்திகேசன் சார், தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல. நாங்கதான் அவளை அப்படிப் பழக்கி வெச்சிருக்கோம். நாளைக்கு இன்னொரு தடவை பார்க்க முடியுமா?"

"சரி, வரச் சொல்லுங்க மேடம். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

போனை வைத்துவிட்டு, "உக்காரு" என்றாள் வசந்தகுமாரி. நாகவல்லியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

நாகவல்லி தயங்கித் தயங்கி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"யார்னா பெரிய ஆளுங்க வந்தா எழுந்துக்கட்டுமாக்கா?"